சதுர அலைக்குள்ளே யார் யார்?

கோடை விடுமுறைக்கு அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு முடித்தவள், பாட்டும் கற்றுக்கொள்கிறாள். ஓர் இரவு, சாப்பிட்டு முடித்துப் பாய் விரிக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூலையில் இருந்த இன்வெர்ட்டர் ‘டக்’ என்றது. விளக்கு எரிந்தது, மின்விசிறியும் மறுபடி வேகம் பிடித்தது. அதுவரை காற்றுச் சத்தம் மட்டுமே தந்த விசிறி, இப்போது ‘ங்ங்ங்ங்’ என்ற ரீங்காரத்தோடு சுற்றியது.

“மாமா, ஃபேன் பாடுது!” என்றாள்.

“பாடுறது ஃபேன்தான். பாட்டு எழுதிக் குடுத்தது இன்வெர்ட்டர்,” என்றேன்.

தூங்கப் போகிற பிள்ளையிடம் இப்படியொரு பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது. விடிந்ததும் கேள்வி பல் துலக்காமல் வந்து நின்றது. அடுத்த மூன்று நாளும் ஒரு கிராஃப் நோட்டு, மூன்று கலர் பென்சில், என் கைபேசி ஆகியவற்றை வைத்துக்கொண்டு நாங்கள் அந்தப் பாட்டைத் துரத்தினோம். நீங்களும் கூடவே வாருங்கள். ஒரு நிபந்தனை உண்டு: இன்வெர்ட்டரையோ பிளக் பாயின்ட்டையோ யாரும் திறக்கக் கூடாது. காதும் தாளும் போதும் நமக்கு.

மின்கம்பி வழியாக வீட்டுக்கு வரும் மின்சாரத்தை ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னுமாக நொடிக்கு 50 முறை ஆடுகிறது. 50 ஹெர்ட்ஸ் என்பது இதைத்தான். ஊஞ்சல் எப்படி ஆடும்? நடுவைக் கடக்கும்போது வேகம் அதிகம். ஓரத்தை நெருங்க நெருங்கத் தயங்கும். ஓரத்தில் ஒரு கணம் நின்று மெல்லத் திரும்பும். எங்கேயும் வெட்டு கிடையாது, குதிப்பு கிடையாது. நேரத்தைக் கிடையாகவும், ஊஞ்சல் இருக்கும் இடத்தை நெடுக்காகவும் குறித்துக்கொண்டே போனால் வழுவழுப்பான மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். அதற்குச் சைன் அலை என்று பெயர். மின்நிலையத்தில் சுற்றிச் சுற்றிப் பிறக்கும் மின்சாரம் ஏறக்குறைய இந்த வடிவத்தில்தான் வருகிறது.

இன்வெர்ட்டருக்கோ பாட்டரிதான் மூலதனம். பாட்டரிக்கு ஆடத் தெரியாது, ஒரே பக்கம் தள்ள மட்டும் தெரியும். அதனால் உள்ளே இருக்கும் மின்னணு சுவிட்சுகள் பாட்டரியின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இணைக்கின்றன. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் இந்தப் பக்கம், அடுத்த நூறில் ஒரு பங்கு நேரம் அந்தப் பக்கம். ஊஞ்சலைப் போல இடையில் உலவுவதே இல்லை. ஒரு கணம் இங்கே, மறுகணம் அங்கே. இதைப் படமாகப் போட்டால் கோட்டை மதிலின் மேல்விளிம்பு மாதிரி இருக்கும்: நேராக ஏறி, தட்டையாக நடந்து, நேராக இறங்கி, மறுபடி தட்டையாக நடக்கும். இதுதான் சதுர அலை. ‘ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்’ என்று கடையில் சொல்வது இந்த வகையைத்தான். எங்கள் வீட்டில் இருப்பது பழையது, அதே வகை.

“வளைஞ்சு போனா என்ன, சதுரமா போனா என்ன மாமா? ரெண்டும் நொடிக்கு அம்பது தடவைதானே?”

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் பாட்டுக்கும் விடை தெரிந்துவிடும். சதுர அலை தனி ஆள் கிடையாது. அது ஒரு கூட்டம். அதற்குள்ளே 50 ஹெர்ட்ஸ் தவிர வேறு பலரும் கைகோத்து நிற்கிறார்கள், அத்தனை பேரும் வழுவழுப்பான சைன் அலைகள். மூலை மூலையாக இருக்கும் ஒன்று, மூலையே இல்லாதவற்றால் ஆனது! அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். வரைந்து பாருங்கள்.

கிராஃப் தாளில் நடுவே ஒரு கிடைக்கோடு போடுங்கள். பச்சைப் பென்சிலால் ஒரு சைன் அலை: 60 சின்னக் கட்டம் நீளம், கோட்டுக்கு மேலே 30 கட்டம் உயரம், பிறகு கீழே 30 கட்டம் ஆழம். ஒரு முழு மேடும் ஒரு முழுப் பள்ளமும் சேர்ந்துதான் அந்த 60 கட்டம். அடுத்தது சிவப்பு: 20 கட்டம் நீளம், 10 கட்டம் உயரம். பச்சை ஒரு முறை ஆடி முடிக்கும் இடத்தில் சிவப்பு மூன்று முறை ஆடிவிடும். கடைசியில் நீலம்: 12 கட்டம் நீளம், 6 கட்டம் உயரம். இது ஐந்து முறை ஆடும். மூன்றும் ஒரே புள்ளியில் தொடங்கி மேல்நோக்கிக் கிளம்ப வேண்டும், அது முக்கியம்.

இப்போது கூட்டல். குளத்தில் இரண்டு கல் எறிந்தால் இரண்டு அலைகளும் சந்திக்கும் இடத்தில் தண்ணீரின் உயரம் இரண்டும் சேர்ந்ததாக இருக்கும் அல்லவா? அதே கணக்குதான். ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிறங்களின் உயரத்தையும் கூட்டுங்கள். கோட்டுக்குக் கீழே இருப்பதைக் கழித்துவிடுங்கள்.

முதலில் பச்சையையும் சிவப்பையும் மட்டும் கூட்டினோம். மேட்டின் உச்சி அமுங்கி, இரண்டு திமில் வைத்த ஒட்டக முதுகு போல ஆயிற்று. நீலத்தையும் சேர்த்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐந்தாவது கட்டத்தில் 15, 10, 3 சேர்ந்து 28. பத்தாவது கட்டத்தில் சிவப்பு சரியாகக் கோட்டின் மேல் இருக்கிறது, பச்சை 26, நீலம் கீழே 5, மிச்சம் 21. பதினைந்தாவது கட்டத்தில், அதாவது மேட்டின் நட்டநடுவில், 30 இலிருந்து 10 போய் 6 சேர்ந்து 26. பிறகு மறுபடி 21, மறுபடி 28, அதன் பின் சரிவு. உருண்டையாக இருந்த மேடு, இப்போது சற்றே நெளிந்த மேசை ஆகிவிட்டது. பக்கங்கள் செங்குத்தை நோக்கி நிமிர்ந்துவிட்டன.

“இன்னும் சேர்த்தா?”

சேர்க்கலாம். ஏழு முறை ஆடுவது, உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. ஒன்பது முறை ஆடுவது, ஒன்பதில் ஒரு பங்கு. 11, 13, 15 என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒவ்வொன்றும் சேரச் சேர மேசையின் நெளிவு குறையும். ‘ஒற்றைப்படை எண், அந்த எண்ணில் ஒரு பங்கு உயரம்’ என்பதுதான் சதுர அலையின் முழுச் சமையல் குறிப்பு.

இப்படி, அடிப்படை அலை ஒரு முறை ஆடும் நேரத்தில் சரியாக முழு எண் தடவை ஆடும் அலைகளுக்குச் சீரிசைகள் என்று பெயர். பொறியாளர்கள் ஹார்மானிக்ஸ் என்பார்கள். மூன்று முறை ஆடுவது மூன்றாம் சீரிசை, ஐந்து முறை ஆடுவது ஐந்தாம் சீரிசை.

இரட்டைப்படைகள் ஏன் இந்தக் கூட்டத்தில் இல்லை? சதுர அலையின் முதல் பாதி மேலே, மறுபாதி அதே வடிவம் அப்படியே கீழே. ஆகவே, ‘பாதி நேரம் கழித்துத் தலைகீழாக நில்’ என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிகிற அலைகளுக்குத்தான் உள்ளே இடம். இரண்டாம் சீரிசை பாதி நேரத்துக்குள் ஒரு முழு ஆட்டம் முடித்துவிட்டு, மறுபாதியில் தலைகீழாகாமல் முதலில் செய்ததையே திரும்பச் செய்யும். நான்கும் ஆறும் அப்படியே. ஒற்றைப்படைகள் மட்டும் பாதியில் அரை ஆட்டம் மிச்சம் வைத்திருப்பதால் சரியாகத் தலைகீழாகும். கல்யாண வீட்டில் கிளாரினெட் கேட்டிருக்கிறீர்களா? உருளைக் குழாய், வாய் வைக்கும் முனை மூடியது போல வேலை செய்கிறது. அதனால் அதன் கீழ்ச்சுரங்களில் ஒற்றைப்படைச் சீரிசைகள்தாம் ஓங்கி ஒலிக்கும். நாகஸ்வரம் கூம்புபோல விரிந்துகொண்டே போகும் குழாய். அதில் இரட்டைப்படைகளும் தாராளமாக வரும். இரண்டும் ஒரே சுரத்தை ஊதினாலும் குரல் வேறாகக் கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். நோட்டைத் திறந்து மூன்று அலைகளும் கிளம்பும் புள்ளியைப் பாருங்கள். எந்த நிறம் அதிகச் செங்குத்தாக ஏறுகிறது? சிவப்பு வேகமானது, நீலம் அதைவிட வேகமானது, ஆகவே நீலம்தான் என்று தோன்றும். அளந்து பார்த்தால் மூன்றும் ஒரே சரிவு! ஏன் தெரியுமா? சிவப்பு என்பது பச்சையை நீளத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒன்றாகச் சுருக்கிய படம். நீலம் ஐந்தில் ஒன்றாகச் சுருக்கிய படம். ஒரு மலையின் போட்டோவை அஞ்சல் தலை அளவுக்குச் சுருக்கினாலும் மலையின் சரிவு மாறாது அல்லவா?

அப்படியானால், புறப்படும் வாசலில் ஒவ்வோர் அலையும் அதே அளவு ஏற்றத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மூன்று அலை சேர்ந்தால் மூன்று மடங்கு செங்குத்து. நூறு அலை சேர்ந்தால் நூறு மடங்கு. சுவர் போல நூல் பிடித்தாற்போன்ற செங்குத்து வேண்டும் என்றால்?

“முடிவே இல்லாம சேர்க்கணும்,” என்றாள் அவள்.

ஆமாம். கணக்கில் இருக்கும் சதுர அலைக்கு எண்ணி முடியாத அலைகள் தேவை. ஒரு கூர்மையான மூலைக்கு அவ்வளவு விலை. உலகத்தில் எந்தக் கம்பியாலும், எந்த ஒலிபெருக்கியாலும், எந்தச் சில்லாலும் அந்த விலையைக் கொடுக்க முடியாது. எல்லாமே ஏதோ ஒரு வேகத்துக்கு மேல் ‘இனி என்னால் ஆட முடியாது’ என்று நின்றுவிடும். ஆகவே உண்மையான சதுர அலையை யாரும் பார்த்ததில்லை. ஆஸிலோஸ்கோப் என்ற கருவியின் திரையில் சதுரம் போலத் தெரிவதைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், செங்குத்துச் சுவர் சாய்வாகத் தெரியும், மூலை உருண்டையாகத் தெரியும்.

மேசையின் உயரத்தைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது. நட்டநடுவில் என்ன உயரம் வந்தது? பச்சை மட்டும் என்றால் 30. சிவப்பும் சேர்ந்தால் 20. நீலமும் சேர்ந்தால் 26. ஏழாவதைச் சேர்த்தால் ஏறக்குறைய 21.7, ஒன்பதாவதைச் சேர்த்தால் 25. ஊஞ்சலை யாரோ மெல்ல நிறுத்துவது போல ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சுருங்குகிறது. கடைசியில் எங்கே நிற்கும்? 23.56 அருகில். 30ஐ 22/7 ஆல் பெருக்கி 4 ஆல் வகுத்துப் பாருங்கள். 23.57 வருகிறதா? நடுவில் வட்டத்தின் பை வந்து உட்கார்ந்திருக்கிறது! 1 இலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி என்று போய்க்கொண்டே இருந்தால் பையில் கால் பங்கு கிடைக்கும். இதைக் கண்டுபிடித்தவர் 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் பிறந்த சங்கமகிராம மாதவர். அவருடைய மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் ‘யுக்திபாஷா’ என்ற மலையாள நூலில் அதற்கான விளக்கத்தை எழுதி வைத்தார். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதே தொடரை 1670களில்தான் எட்டினார். மாதவருக்குச் சதுர அலை தெரியாது, மின்சாரம் தெரியாது. அவர் அளந்தது வட்டத்தை. ஆனாலும் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் அலை உயரத்தில் அவருடைய கணக்கு இருக்கிறது. இதை அவளிடம் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

எந்த வடிவத்தையும் சைன் அலைகளாகப் பிரிக்கலாம் என்று துணிந்து சொன்னவர் ஜோசப் ஃபூரியே. 1768இல் பிரான்சில் ஒஸேர் என்ற ஊரில், ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். நெப்போலியனின் படையோடு 1798இல் எகிப்துக்குப் போனார். திரும்பி வந்து கிரெனோபிள் நகரில் அரசு நிர்வாகியாக இருந்துகொண்டே வெப்பத்தைப் பற்றி ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட ஒரு புதிர் இது: நீளமான உலோகத் தகடு, அதன் ஒரு முனை கொதிநீரின் சூட்டில், இரு பக்க ஓரங்களும் பனிக்கட்டியின் குளிரில். உள்ளே வெப்பம் எப்படிப் பரவும்? சூடான முனையும் குளிர்ந்த ஓரமும் சந்திக்கும் மூலையில் வெப்பநிலை திடீரென்று தாவுகிறதே, அந்தத் தாவலை எப்படி எழுதுவது? நீங்கள் கலர் பென்சிலால் போட்ட அதே ஒன்று, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற தொடரால்தான் அவர் எழுதினார்.

1807இல் பாரிஸில் அறிஞர் சபையிடம் கட்டுரையைக் கொடுத்தார். மாபெரும் கணித அறிஞரான லக்ராஞ்ச் ஏற்கவில்லை. வழுவழுப்பானவற்றைக் கூட்டி வெட்டுப்பட்ட ஒன்றை எப்படிச் செய்ய முடியும் என்ற ஐயம் அவருக்கு. என் அக்கா மகளுக்கு வந்த அதே ஐயம்தான். ஃபூரியே விட்டுவிடவில்லை. 1822இல் வெப்பத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளியாயிற்று. இன்று கைபேசியில் பாட்டைச் சுருக்கிச் சேமிப்பதில் தொடங்கி மருத்துவமனை எம்.ஆர்.ஐ. படம் வரை அந்த யோசனை வேலை செய்கிறது.

ஆனால் லக்ராஞ்சின் ஐயத்திலும் ஒரு பொறி இருந்தது. உங்கள் படத்தை மறுபடி பாருங்கள். மேசையின் இரண்டு விளிம்புகளிலும் 28 கட்டம். நடுவில் 26. விளிம்பில் கொஞ்சம் கொம்பு முளைத்தது போல இல்லையா? அலைகளை நிறையச் சேர்த்தால் கொம்பு மறைந்துவிடும் என்று நினைப்போம். மறையாது. ஒல்லியாகிக்கொண்டே விளிம்பை ஒட்டி ஓடும், ஆனால் உயரம் குறையாது. தாவலின் முழு உயரத்தில் ஏறக்குறைய 9 விழுக்காடு அது துருத்திக்கொண்டே நிற்கும், ஆயிரம் அலை சேர்த்தாலும் சரி, லட்சம் அலை சேர்த்தாலும் சரி. 1848இல் ஹென்றி வில்பிரகாம் என்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்து எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1898இல் அமெரிக்காவில் மைக்கெல்சனும் ஸ்ட்ராட்டனும் பல்சக்கரமும் சுருள்வில்லும் வைத்து 80 சைன் அலைகளைக் கூட்டி வரையும் இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். நாம் மூன்று அலைக்குப் பட்ட பாட்டை நினைத்தால் அந்த இயந்திரத்தின் அருமை புரியும். சதுரம் வரையச் சொன்னால் அது விளிம்பில் கொம்போடு வரைந்தது. அடுத்த ஆண்டு கிப்ஸ் என்ற அறிஞர் ‘நேச்சர்’ இதழில் காரணத்தைத் தெளிவுபடுத்தினார். இன்றும் அதற்குக் கிப்ஸ் விளைவு என்றே பெயர்.

நிஜ மின்சுற்றிலும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் விளிம்பில் இப்படி நடுக்கம் தெரியும். இரண்டும் ஒன்று என்று பெரியவர்களே சில சமயம் நினைத்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் தாளில் நெளிவு தாவலுக்கு முன்னாலும் இருக்கும், பின்னாலும் இருக்கும். தாளில் எல்லா நேரமும் ஒன்றாக விரிந்து கிடப்பதால் அது முடிகிறது. கம்பிக்கு அப்படி இல்லை. தாவல் வரப்போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரியாதே! அதனால் கம்பியில் தாவல் நடந்த பிறகுதான் நடுக்கம் வரும், மணியை அடித்த பிறகு மணி அதிர்வது போல. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் தங்களுக்குள் மின்னாற்றலைத் தூக்கிப்போட்டு விளையாடுவதால் வரும் அதிர்வு அது.

சரி, மின்விசிறிக்கு வருவோம். இன்வெர்ட்டர் அனுப்பும் சதுர அலைக்குள் யார் யார் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: 50, 150, 250, 350, 450 ஹெர்ட்ஸ், இன்னும் மேலே. ஆற்றலில் நூற்றுக்கு 81 பங்கு 50 ஹெர்ட்ஸிடம். மீதி 19 பங்கை மற்ற எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விசிறியைச் சுற்றவைக்கத் தேவையானது அந்த 50 ஹெர்ட்ஸ் மட்டும்தான். மற்றவர்கள் அழைக்காமல் வந்த விருந்தாளிகள். சுற்றுவதற்கு உதவாமல், கம்பியைச் சூடாக்கி, இரும்பைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். விசிறியில் கண்டன்சர், அதாவது மின்தேக்கி, ஒன்று இருக்கிறதே, வேகமாக ஆடும் அலையைத்தான் அது இன்னும் எளிதாக உள்ளே விடும். ஆகவே அழைக்காத விருந்தாளிகளுக்கு வாசல் வேறு திறந்திருக்கிறது.

மின்சாரம் கம்பிச்சுருளில் ஓடும்போது இரும்பு காந்தமாகும். காந்தம் இரும்பை இழுக்கும்போது, மின்சாரம் இந்தப் பக்கம் ஓடினாலும் இழுப்புதான், அந்தப் பக்கம் ஓடினாலும் இழுப்புதான். அதனால் நொடிக்கு 50 ஆட்டம் என்றால் 100 இழுப்பு. நல்ல சைன் அலையில் இந்த 100 மட்டும் மெல்ல இருக்கும். அவ்வளவு தாழ்ந்த ஒலி நம் காதில் மங்கலாகத்தான் விழும். சீரிசைகள் கலந்ததும் இழுப்பின் வடிவம் கரடுமுரடாகி 200, 300, 400, 500 என்று நடுக்கங்கள் கிளம்புகின்றன. நம் காது இவற்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அந்த ‘ங்ங்ங்ங்’ இதுதான்.

“அப்ப அந்த விருந்தாளிங்களை வெளிய அனுப்ப முடியாதா?”

அனுப்பலாம். அதற்கு அழகான தந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நேரே தாவாமல் இடையில் பூஜ்யத்தில் கொஞ்சம் மூச்சு வாங்குவது. கிராஃப் தாளில் 30 கட்டமும் மேலேயே நிற்காமல் 20 கட்டம் மட்டும் மேலே, இரு ஓரமும் ஐந்தைந்து கட்டம் கோட்டின் மேலேயே என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அலையின் நீளம் என்ன? சரியாக 20 கட்டம். அந்த அகலத்துக்குள் அது ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு இறக்கமும் முடித்துவிடும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்றாம் சீரிசை காணாமல் போகும்! கூடவே ஒன்பதும் பதினைந்தும் போய்விடும். ஐந்து, ஏழு போன்று மூன்றால் வகுபடாதவை மட்டும் பிடிவாதமாக நிற்கும்.

இதைவிடச் சிறந்தது, ‘சைன் வேவ் இன்வெர்ட்டர்’ செய்யும் வேலை. அங்கேயும் சுவிட்சுக்குத் தாவ மட்டும்தான் தெரியும். ஆனால் நொடிக்கு 100 முறைக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான முறை தாவும். மேட்டின் நடுவில் அகலமான துடிப்புகள், ஓரத்துக்குப் போகப் போக ஒல்லியான துடிப்புகள். இப்படிச் செய்தால் தேவையில்லாத அலைகள் எல்லாம் 50 ஹெர்ட்ஸின் பக்கத்திலேயே உட்காராமல் மிக உயரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். பிறகு கம்பிச்சுருளையும் மின்தேக்கியையும் சல்லடையாக வைத்து அவற்றைச் சலித்துவிடலாம். மிஞ்சுவது வழுவழுப்பான 50 ஹெர்ட்ஸ். ஃபூரியே வளைவுகளால் சதுரம் செய்தார். இந்தப் பெட்டி சதுரங்களால் வளைவு செய்கிறது.

கைபேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் ஓடுவது இதே கதைதான், வேகம்தான் வேறு. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று சில்லுகளுக்குள் ஓடும் குறிகைகள் எல்லாமே சதுர அலையின் உறவினர்கள். மூலை எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு உயரமான சீரிசைகள் பிறந்து வானொலி அலைகளாக வெளியே கசியும். பழைய மீடியம் வேவ் ரேடியோ வீட்டில் இருந்தால், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் கைபேசி சார்ஜர் பக்கத்தில் கொண்டுபோங்கள். பல சார்ஜர்கள் கரகரவென்று பேசும். இதனாலேயே, பொறியாளர்கள் அவ்வளவு கூர்மை தேவைப்படாத இடங்களில் மூலையை வேண்டுமென்றே கொஞ்சம் மழுக்கிவிடுவார்கள். மூலை மழுங்கினால் கசிவு குறையும்.

சதுர அலையை நேராகவே கேட்க ஆசையா? 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியின் ஒலிச்சில்லில் இரண்டு குரல்கள் சதுர வகை அலைகளே. அந்தப் பழைய ‘மேரியோ’ விளையாட்டின் மெட்டு உங்கள் அண்ணன்களுக்குத் தெரிந்திருக்கும், பாடச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கவும் வழி உண்டு. பெரியவர் ஒருவரின் கைபேசியில் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைத்து வையுங்கள், இயர்போன் வேண்டாம். 200 ஹெர்ட்ஸில் முதலில் சைன், பிறகு சதுரம். சைன் புல்லாங்குழல் போல மெத்தென்று இருக்கும், சதுரம் வண்டு போல ரீங்கரிக்கும். அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். 5,000 ஹெர்ட்ஸ் வந்தபோது எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அவளோ, “இல்ல மாமா, இது கொஞ்சம் கூர்மையா இருக்கு” என்று ஒவ்வொரு முறையும் சதுரத்தைச் சரியாகச் சுட்டிக்காட்டினாள். 5,000க்கு மூன்றாம் சீரிசை 15,000. வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகள் காதுக்கு எட்டாமல் போகும். என் காதுக்கு அது எட்டவில்லை, அவள் காதுக்கு எட்டியது. 8,000க்குப் போனதும் அவளுக்கும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூன்றாம் சீரிசை 24,000. மனிதக் காதின் எல்லையோ 20,000. கைபேசி சதுரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, காதுக்குள் வந்து சேர்வது சைன்தான். மூலைகள் எல்லாம் வாசலோடு நின்றுவிட்டன.

மூன்றாம் நாள் இரவும் கரண்ட் போனது. இந்த முறை அவள் தயாராக இருந்தாள். ஓடிப்போய்ச் சுருதிப்பெட்டியை எடுத்துவந்து தன் சுருதியான ஐந்து கட்டையில் வைத்தாள். ஐந்து கட்டையின் ஷட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு. விசிறியின் ரீங்காரத்தில் ஓங்கி நிற்பது 200.

“என் சுருதிக்குப் பக்கத்துலயே பாடுது! கொஞ்சம் ஏறி நிக்குது, அவ்வளவுதான்.”

சுருதிப்பெட்டியை நிறுத்திவிட்டு விசிறியையே ஆதாரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். 200 ஷட்ஜம் என்றால் 300 பஞ்சமம், 400 மேல் ஷட்ஜம், 500 அதற்கும் மேலே காந்தாரம். நல்ல தம்புராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் ஒன்று தானாகக் கேட்கும் என்பார்களே, சுயம்பு காந்தாரம் என்று, அதுவும் ஐந்தாம் சீரிசைதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாயில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டாள்.

“பஞ்சமம் இருக்கு மாமா. நெஜமாவே இருக்கு.”

மெல்ல அந்தப் பஞ்சமத்தைப் பிடித்துக் குரல் கொடுத்தாள். விசிறியும் அவளும் சேர்ந்து நின்றார்கள். அப்போது பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. இன்வெர்ட்டர் ‘டக்’ என்றது, விசிறியின் சுருதி நின்றது. அவள் குரல் மட்டும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே அந்தப் பஞ்சமத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றது.